நிலவு அல்ல, செவ்வாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழின் இரண்டு பக்கங்கள் என்னைத் தூங்கவிடவில்லை. ஒன்று, அறிவியல் புனைகதைச் சிறப்பிதழுக்குக் கதை கேட்டு நீங்கள் வெளியிட்ட அறிவிப்பு. முகநூல், எக்ஸ், வாட்ஸ்அப் போன்றவற்றில் ஏற்கெனவே வெளியான கதைகளை அனுப்ப வேண்டாம் என்று அதன் கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்கள். இன்னொன்று, அதே இதழின் துணுக்குப் பகுதியில் 'வாட்ஸ்அப்பில் ரசித்தது' என்ற தலைப்பில் வந்திருக்கும் நாலு வரிக் கதை. எழுதியவர் பெயர் இல்லை. அந்தக் கதையை எழுதியவள் நான்.

கோவில்பட்டியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். ராத்திரி விடைத்தாள் திருத்தி முடித்து, வீடும் அடங்கிய பிறகு செல்பேசியை எடுத்துக் குட்டிக் கதை எழுதுவது ஐந்தாறு வருடமாக எனக்குப் பழக்கம். முகநூலில் போடுவேன். அம்பது பேர் படிப்பார்கள், சில நாள் நூறு பேர். நான் எழுதியபடியே அந்தக் கதையைத் தருகிறேன்:

"செவ்வாயிலிருந்து அம்மாவிடம் பேசினேன். என் குரல் பூமிக்குப் போய்ச் சேர இருபது நிமிடம். அவள் பதில் வந்து சேர இன்னோர் இருபது நிமிடம். 'இங்கே எல்லாம் நல்லா இருக்கும்மா' என்றேன். அடுத்த நொடியே அவள் குரல் கேட்டது: 'ஏன்டா, குரல் ஒரு மாதிரி இருக்கு?'"

நாற்பது நிமிடம் கழித்து வர வேண்டிய பதில் அடுத்த நொடி வருகிறது. அப்படியானால் மகன் வாயைத் திறப்பதற்கு இருபது நிமிடம் முன்பே அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாள். இதை முகநூலில் போட்ட மறுநாள் பன்னிரண்டாம் வகுப்பில் அரை மணி நேரம் இதே பேச்சுதான். ஒளியை மிஞ்சும் வேகம் எதற்கும் கிடையாதே என்றான் ஒருவன். அம்மா பையனைப் பார்க்கச் செவ்வாய்க்கே வந்துவிட்டாள், அடுத்த அறையிலிருந்து பேசுகிறாள் என்றாள் ஒருத்தி. பின்பெஞ்சில் எப்போதும் பேசாமல் இருக்கும் ஒரு பெண், "அவங்க தினமும் அந்த நேரத்துக்கு அதையேதான் கேப்பாங்க, டீச்சர். எங்கம்மாவும் அப்படித்தான்" என்றாள். எழுதும்போது எனக்கே அது தோன்றவில்லை.

அந்த இருபது நிமிடத்தை நான் சும்மா போடவில்லை. செவ்வாய் நமக்கு மிக அருகில் வரும்போது சுமார் 5.5 கோடி கிலோமீட்டர். ஒளியோ வானொலி அலையோ மூன்று நிமிடத்தில் போய்விடும். மிகத் தொலைவில் இருக்கும்போது 40 கோடி கிலோமீட்டர், ஏறக்குறைய 22 நிமிடம். ஆனால் தூரம் அப்படி உச்சத்துக்குப் போகும் நாட்களில் சூரியன் குறுக்கே வந்துவிடும். அங்கே உள்ள கலங்களுக்குக் கட்டளை அனுப்புவதையே ஒன்றிரண்டு வாரம் நிறுத்தி வைப்பார்கள். அம்மாவும் பிள்ளையும் பேச வேண்டுமே. அதனால் உச்சத்தைத் தொடாமல் இருபதில் நிறுத்தினேன். இதையெல்லாம் கதையில் எழுத இடமில்லை, எழுதவும் கூடாது. ஆனால் அடியில் அது இருந்தால்தான் மேலே உள்ள நாலு வரி நிற்கும்.

உங்கள் இதழில் வந்த வடிவத்தில் செவ்வாய் இல்லை, நிலவு இருக்கிறது. 'அவள் பதில் வந்து சேர இன்னோர் இருபது நிமிடம்' என்ற பகுதி காணாமல் போய்விட்டது. கடைசியில் 'அதுதான் அம்மா!' என்று நான் எழுதாத ஒரு வரி சேர்ந்திருக்கிறது. நிலவு 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஒளி அங்கே போக ஒரு நொடிக்குச் சற்று மேல் ஆகும். நிலவில் நின்று பேசினால் இரண்டு மூன்று நொடியில் பதில் வந்துதான் தீரும். அதில் கதை எங்கே இருக்கிறது? இருபது நிமிடம் என்பது வெறும் தப்பாக ஆகிவிடுகிறது. என் மாணவர்களில் இரண்டு பேர் பக்கத்தைக் காட்டி, "டீச்சர், தப்பா போட்டிருக்காங்க" என்று ஓடி வந்தார்கள். அவர்களுக்கு அது என் கதை என்று தெரியும். படித்த மற்றவர்கள், எழுதினவருக்கு அறிவியலே தெரியாது என்றுதானே நினைத்திருப்பார்கள்?

எங்கள் குடும்பக் குழுவில் போன தீபாவளி சமயத்திலேயே சித்தி இந்தக் கதையை 'படித்ததில் பிடித்தது' என்று போட்டிருந்தார். "சித்தி, இது நான் எழுதினது" என்றேன். "அப்படியாடி? எனக்கு மதுரையில இருந்துல்ல வந்துச்சு" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. பிடித்ததை நாலு பேருக்குக் காட்டுகிறார். ஆனால் இதழ் என்பது அப்படியல்ல. நீங்கள் அச்சடித்து விற்கிறீர்கள், வாசகர்கள் நம்பிக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். முகநூலில் போட்ட கதை 'ஏற்கெனவே வெளியான கதை' என்று உங்கள் அறிவிப்பு சொல்கிறது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். வெளியான கதைக்கு எழுதியவர் ஒருவர் இருக்கத்தானே வேண்டும்? பெயர் போடாமல் எடுத்துக்கொள்ள முடியாதல்லவா? இல்லை, அது யாரோ எப்போதோ கிறுக்கியது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம் என்றால், அது இன்னும் எங்கும் வெளியாகவில்லை என்றாகிறது. சிறப்பிதழுக்கு நான் அனுப்பலாம். எனக்குப் படைப்பாளியின் உரிமையும் இல்லை, புதிதாக அனுப்பும் வாய்ப்பும் இல்லை என்று இரண்டு பக்கமும் கதவை அடைப்பது நியாயமாகப் படவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 57-ஆவது பிரிவு, எழுதியதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையையும், தன் நற்பெயர் கெடும்படி அதைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையையும் எழுதியவருக்குத் தருகிறது. நாலு வரிக்கு ஒன்று, நானூறு பக்கத்துக்கு ஒன்று என்று அது பிரித்துப் பேசவில்லை. வழக்குப் போட நான் இதைச் சொல்லவில்லை. சின்னது என்பதால் அது யாருடையதும் அல்ல என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சின்னது எழுதுவது சுலபம் என்ற எண்ணமும் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். எக்ஸ் தளத்தில் 280 எழுத்து வரை போடலாம் என்பார்கள். தமிழில் அந்தக் கணக்கு வேறு. நமக்கு 'விண்வெளி' நாலு எழுத்து. அங்கே புள்ளியும் கொம்பும் விசிறியும் தனித்தனியாக எண்ணப்பட்டு எட்டு ஆகிவிடும். 'தமிழ்' மூன்றல்ல, ஐந்து. ஒரு 'என்று' போனால் ஐந்து மிச்சம் என்று எண்ணி எண்ணி, சொல்லை மாற்றி மாற்றி, சில கதைக்கு ஒரு வாரம் ஆகியிருக்கிறது.

பெயர் அழியாமல் இருக்க ஒரு வழி செய்து பார்த்தேன். கதையைப் படமாக மாற்றி, நடுவிலேயே பெயரைப் பதித்துப் போட்டேன். பத்து நாளில் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அவனுக்குக் கண் பார்வை கிடையாது. செல்பேசியின் திரைவாசிப்பான் வழியாகத்தான் எல்லாம் கேட்பான். "டீச்சர், இப்பல்லாம் நீங்க கதை போடுறதே இல்லையா? வெறும் படம்னுதான் சொல்லுது" என்றான். என்னிடம் முதலில் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளில் அவன் ஒருவன். அன்றே படத்தை விட்டுவிட்டுப் பழையபடி தட்டச்சு செய்து போட ஆரம்பித்தேன். தட்டச்சு செய்த எழுத்தை விரலால் அழுத்தி நகலெடுக்க இரண்டு நொடி போதும், பெயரை விட்டுவிட்டு எடுக்கவும் அதே இரண்டு நொடிதான். இது எனக்குத் தெரியும். அவனுக்காக அதை ஏற்றுக்கொண்டேன். பூட்டுப் போட எனக்கு வழியில்லாததால்தான் அச்சிடுகிறவர்களிடம் கேட்கிறேன்.

வெளியுலகில் இந்தச் சிறு வடிவத்தை எவ்வளவு மதித்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் 'நேச்சர்' ஆய்விதழ் 1999 நவம்பரில் ஒரு பக்க அறிவியல் கதைகளுக்கென ஒரு பகுதி தொடங்கியது. முதல் கதை, கொழும்பில் வாழ்ந்துவந்த ஆர்தர் சி. கிளார்க் எழுதியது. 2006 நவம்பரில் அமெரிக்காவின் 'வயர்ட்' இதழ் எழுத்தாளர்களிடம் ஆறே சொல்லில் கதை கேட்டது. கிளார்க் எழுதியது பத்துச் சொல். குறைக்க மாட்டேன் என்றார். அப்படியே அச்சிட்டார்கள், அவர் பெயரோடு, அவர் குறைக்க மறுத்தார் என்ற குறிப்போடு. எண்பத்தெட்டு வயதில், அத்தனை நாவல் எழுதிய மனிதர், நாலு சொல்லை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அவர் அளவு தகுதி இல்லை. ஆனால் செவ்வாய் போய் நிலவு வந்தபோது எனக்கு ஏற்பட்ட வலி அவருக்குப் புரிந்திருக்கும்.

இணையத்தில் வந்தால் அச்சு இதழின் மதிப்புக் குறையும் என்ற கவலைக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2012-இல் 'நியூயார்க்கர்' இதழ் ஜெனிஃபர் ஈகனின் எதிர்காலக் கதை ஒன்றைத் தன் ட்விட்டர் கணக்கிலேயே வெளியிட்டது. பத்து இரவு, இரவுக்கு ஒரு மணி நேரம், நிமிடத்துக்கு ஒரு கீச்சு. அதே கதையைத் தன் அறிவியல் புனைகதைச் சிறப்பிதழிலும் அச்சிட்டது. அவர்களே திட்டமிட்டுச் செய்தது அது, என் நிலை வேறு என்று நீங்கள் சொல்லலாம். இருந்தாலும், செல்பேசியில் வந்த கதை தாளில் வந்தால் அங்கே யாரும் முகம் சுளிக்கவில்லை. புதிய படைப்புக்குத்தான் சன்மானம் தர முடியும் என்ற உங்கள் நிலையையும் மதிக்கிறேன். நீண்ட கதைக்கு விதி அப்படியே இருக்கட்டும். நூறு சொல்லுக்குள் அடங்கும் கதைக்கு மட்டும், எங்கே எப்போது போட்டோம் என்று எழுதியவரே சொல்லி அனுப்பினால் பரிசீலியுங்கள். சன்மானம்கூட வேண்டாம் என்று எழுதித் தரத் தயாராக இருப்பவர்கள் என்னைப் போல் நிறையப் பேர். தென்மாவட்டத்துச் சிற்றூர்களில் இருந்துகொண்டு, நூலகம் மூடிய பிறகு செல்பேசி வெளிச்சத்தில் அறிவியல் கதை எழுதும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். உங்கள் பக்கத்தில் தங்கள் பெயரைப் பார்த்தால் அவர்கள் இன்னும் பத்து வருடம் எழுதுவார்கள்.

நானும் அப்படித்தான் எழுத வந்தேன். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் பொறியாளராக இருந்த சுஜாதாவின் கதைகளை வார இதழ்களிலிருந்து கிழித்து நூலால் தைத்து வைத்திருந்தார் என் அப்பா. தைத்த பக்கங்களில் முதலில் தேடுவது அந்தப் பெயரைத்தான்.

துணுக்குப் பகுதிக்கு வரும் செய்தியின் மூலத்தைத் தேடுவது சிரமம் என்று உங்கள் உதவியாசிரியர் தொலைபேசியில் சொன்னார். கதையின் முதல் வரியை முகநூலின் தேடல் பெட்டியில் இட்டுப் பாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். அவரே தேடிப் பார்த்து, தேதியோடு என் பதிவைக் கண்டுபிடித்துவிட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்படித் தேடியும் கிடைக்காதபோது 'எழுதியவர் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லவும்' என்று ஒரு வரி போட்டாலே போதும். 'வாட்ஸ்அப்பில் ரசித்தது' என்று போட்டால் எழுதியது வாட்ஸ்அப் என்று ஆகிவிடுகிறது.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். அதில் 'நிலவு' என்பதைச் 'செவ்வாய்' என்று மாற்றுங்கள், விடுபட்ட இருபது நிமிடத்தைச் சேருங்கள், கடைசி வரியை நீக்குங்கள். கதையின் கீழே நான் எப்போதும் இடும் பெயர் இந்தக் கடிதத்தின் கீழேயும் இருக்கிறது.

அன்புடன்,
கரிசல்விழி,
கோவில்பட்டி