மாணவர் ஆய்வு எக்ஸ்ரே அறைக்குத் திரும்பட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஸ்கேன், எக்ஸ்ரே பாதுகாப்பு குறித்து நம் மாணவர்கள் செய்யும் ஆய்வுகளைப் பற்றிய கட்டுரையைத் தங்கள் இதழில் படித்து மகிழ்ந்தேன். எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஆய்வுகளின் அருமை வெளியே தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பிலிம் இருந்த காலத்தில் கதிர் கூடிப்போனால் படம் கறுத்துவிடும். தப்பு உடனே தெரியும். டிஜிட்டல் கருவியில் அப்படியில்லை. கூடுதலாகக் கதிர் விட்டாலும் கணினி படத்தைச் சரிசெய்துவிடும், படம் இன்னும் துலக்கமாகவே வரும். குறைத்தால்தான் புள்ளி புள்ளியாகத் தெரியும், டாக்டர் குறை சொல்வார். அதனால் கை தானாகவே கொஞ்சம் கூட்டி வைக்கப் பழகிவிடுகிறது. வருஷக்கணக்கில் அளவு ஏறிக்கொண்டே போனாலும் படத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நோயாளிகளின் பதிவுகளை எடுத்து, உடல் எடையையும் படமெடுத்த உறுப்பையும் வைத்துக் கணக்குப் பார்த்தால்தான் புலப்படும். வாசல்வரை வரிசை நிற்கும் பிரிவில் அதற்கு யாருக்கு நேரம்? இறுதியாண்டு மாணவர்கள் அதைப் பொறுமையாகச் செய்கிறார்கள்.

சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 1996லேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறது. பல மருத்துவமனைகளின் அளவுகளைத் திரட்டி, முக்கால்வாசி இடங்கள் எதற்குள் அடங்குகின்றனவோ அதைக் குறிப்பளவாக வைப்பது வழக்கம். அதைத் தாண்டும் இடம் காரணம் தேட வேண்டும். உடலைச் சுற்றிப் பல கோணங்களில் எக்ஸ்ரே எடுக்கும் சி.டி. ஸ்கேனை வயிற்றுக்கு ஒருமுறை எடுத்தால் அதன் கதிர், நெஞ்சு எக்ஸ்ரேயைப்போல் நூறு மடங்குக்கு மேலும் போகலாம் என்பதால் அங்கேதான் இந்தக் கணக்கு முதலில் தேவை.

சி.டி. ஸ்கேனின் கணித அடிப்படையே நம் தென்னாப்பிரிக்காவில் துளிர்த்தது. ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த ஆலன் கோர்மாக், 1956இல் கேப்டவுன் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் பகுதிநேரம் பணியாற்றியபோது அதைச் சிந்திக்கத் தொடங்கினார். 1963, 1964இல் அவர் வெளியிட்ட கட்டுரைகளை அப்போது அநேகமாக யாரும் பொருட்படுத்தவில்லை. நோபல் பரிசு 1979இல்தான் வந்தது. நம் பிள்ளைகளின் ஆய்வேடுகளும் மதிப்பெண் வாங்கியதும் நூலக அலமாரியில் உறங்குவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

எந்தப் பிரிவில் தரவு எடுத்தார்களோ, அந்தப் பிரிவின் ஊழியர்கள் முன்னால் அந்த மாணவரே முடிவுகளைச் சொல்ல வேண்டும். கேட்டபின் எந்த அளவை மாற்றினோம், எதை மாற்றவில்லை, ஏன் என்று பிரிவின் தலைவர் பல்கலைக்கழகத்துக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். பேராசிரியர்கள் இதை ஆய்வின் நிபந்தனையாகவே சேர்க்கும்படி தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எக்ஸ்ரே பணியாளர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.