ஏழாம் மாதத்தில் வீசிய கன்று

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகளுக்கு வரன் அமைந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆவணியில் கல்யாணம் என்றால் குடும்பத்தோடு வந்துவிடுவோம். கன்று வீச்சு நோய்க்கு, அதாவது சினை மாடு குறைமாதத்தில் கன்றைப் போட்டுவிடும் நோய்க்கு, தடுப்பூசி முகாம் நடப்பதால்தான் பதில் எழுதத் தாமதம். விடியும் முன்பே ஐஸ் பெட்டியோடு கிளம்பிவிடுகிறேன்.

போன வாரம் ஒரு தோட்டத்தில் ஏழு மாதச் சினையில் ஜெர்சிக் கலப்பு மாடு கன்றை வீசிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டு அக்கா வெறும் கையால் இளங்கொடியை இழுத்துக்கொண்டிருந்தார். கொடி தோல் போலத் தடித்து, மஞ்சள் படிந்து கிடந்தது. பார்த்ததுமே வயிற்றைக் கலக்கிவிட்டது. கையைக் கழுவச் சொல்லி, கையுறை போட்டு நானே எடுத்தேன். கன்றையும் கொடியையும் ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினோம். அப்புறம்தான் அந்த அக்கா சொன்னார், இரண்டு மாதமாக மாலையானால் காய்ச்சலும் இடுப்பு வலியும் வருகிறதாம். மூன்று இடத்தில் மாத்திரை வாங்கியிருக்கிறார். வீட்டில் மாடு இருக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை! கன்று வீச்சு மனிதருக்கும் தொற்றும் என்பதால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன்.

இந்த நேரத்தில்தான், கன்று வீச்சை உண்டாக்கும் புரூசெல்லா கிருமிக்கான தடுப்பூசி ஆய்வில் நீ சேர்ந்துவிட்டாய் என்ற செய்தி வந்தது. எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா?

நாங்கள் இன்றும் போடுவது எஸ்-19 என்ற பழைய தடுப்பூசிதான். 1923-ல் அமெரிக்காவில் ஜான் பக் ஒரு ஜெர்சி மாட்டின் பாலிலிருந்து பிரித்த கிருமி. அறை வெப்பத்தில் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த அந்த வளர்ப்பு, வீரியம் குறைந்து தடுப்பூசியானது. மாட்டின் நஞ்சுக்கொடியில் நிறைய இருக்கும் எரித்ரிட்டால் என்ற சர்க்கரையைத் தின்றுதான் வீரியம் குறையாத நோய்க் கிருமி கொழுக்கிறது. எஸ்-19 அதைத் தின்னும் திறனை இழந்துவிட்டது. நூறு வருடமாகியும் நமக்கு அதைவிட்டால் கதியில்லை. 2019-ல் மதுராவில் தொடங்கிய தேசியத் திட்டமும் அதை நம்பித்தான் நடக்கிறது.

ஆனால் அதன் வரம்பு உனக்குத் தெரியும். நான்கு முதல் எட்டு மாதக் கிடாரிக் கன்றுக்குத்தான் போடலாம். சினை மாட்டுக்குப் போட்டால் வீசிவிடக்கூடும், காளைக்குப் போட்டால் விதை வீங்கும். வயது தாண்டிப் போட்டால் எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் நெடுநாள் தங்கிவிடும். அப்படி ஒரு மாடு சந்தையில் கைமாறி வந்து, அந்தப் புரதத்தைத் தேடும் ரோஸ் பெங்கால் ரத்தச் சோதனையில் பாசிட்டிவ் காட்டினால், அது நோயா ஊசியா என்று நான் எப்படிச் சொல்வது? நோயென்றே தெரிந்தாலும் அந்த மாட்டைக் கொல்ல இங்கே யாருக்கும் மனம் வராது. விற்றுவிடுவார்கள், நோய் அடுத்த ஊருக்குப் போகும்.

ஆர்பி-51 என்ற இன்னொரு தடுப்பூசி இந்தக் குழப்பத்தைத் தீர்த்தது, சரி. கிருமியின் மேலுறையில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலிக்கு எதிரான புரதத்தைத்தான் சோதனை தேடுகிறது; அந்தச் சங்கிலி இதில் இல்லை. ஆனால் அது ரிஃபாம்பிசின் என்ற கிருமிக்கொல்லி மருந்துக்கு அடங்காத கிருமி. போன வருடம் எங்களோடு வந்த பையன் ஒருவனுக்கு, கன்று துள்ளியதில் எஸ்-19 ஊசி கட்டைவிரலில் ஏறிவிட்டது. டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் மூன்று வாரம் கொடுத்தோம். தினமும் காலையில் போன் செய்து, "காய்ச்சல் இருக்கிறதா தம்பி?" என்று கேட்பேன். ஒன்றும் ஆகவில்லை, கடவுள் புண்ணியம். அது ஆர்பி-51-ஆக இருந்திருந்தால் அந்த இரண்டில் ஒரு மருந்து வீணாகியிருக்கும்.

இந்தக் கிருமி செல்லுக்குள் ஒளிந்து வாழ்வதால், செத்த கிருமி ஊசி அதனிடம் எடுபடாது, உயிருள்ளதுதான் பலன் தருகிறது என்றெல்லாம் நீ சொல்வாய். எனக்கும் புரிகிறது. இருந்தாலும் கேட்கிறேன்: மாட்டைக் காப்பதை மட்டும் அளக்காதே. ஊசி பிடிக்கிற அந்தப் பையனின் விரலையும் கணக்கில் எடு. அவன் விரலில் ஏறினாலும் ஆபத்தில்லாத, சினை மாட்டுக்கும் போடக்கூடிய ஒன்று வந்தால், அந்தத் தோட்டத்து மாடுகளுக்கு அன்றைக்கே நான் போட்டிருப்பேன். ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டு திரும்பியது இன்னும் உறுத்துகிறது.

அந்த அக்காவின் ரத்த முடிவு வெள்ளிக்கிழமை வருகிறது. வந்ததும் எழுதுகிறேன். பத்திரிகை அடித்ததும் ஒன்று அனுப்பிவை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்