காயீன் என்ன சொன்னான்?

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். வேதத்தில் இல்லாததை எல்லாம் ரபீமார், அதாவது யூத வேத போதகர்கள், தாங்களாகவே சேர்த்துவிட்டார்கள் என்று அன்றைக்கு ஃபோனில் சொன்னாய். எனக்கு அதில் சம்மதமில்லை.

ஆதியாகமம் 4:8-ஐ எடுத்துப் பார். எபிரெய மூலத்தில் காயீன் தன் தம்பி ஆபேலிடம் சொன்னான் என்று இருக்கிறது. என்ன சொன்னான் என்பது இல்லை. உடனே வயல்வெளி, கொலை. நாம் நிற்காமல் வாசித்துப் போய்விடுகிறோம். அந்த ரபீமாரால் அப்படிப் போக முடியவில்லை.

பாலஸ்தீனத்தில் ஏறத்தாழ 5-ஆம் நூற்றாண்டில் தொகுத்த பெரேஷித் ரப்பா என்ற மிட்ராஷ் நூல் (ஆதியாகமத்துக்கு ரபீமார் சொன்ன விளக்கங்களின் தொகுப்பு), இருவரும் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்று கேட்கிறது. பாகப்பிரிவினை என்பது ஒரு பதில். ஒருவன் நிலத்தை எடுத்துக்கொண்டான், மற்றவன் அசையும் பொருள்களை. "நீ நிற்கிற மண் என்னுடையது, பறந்து போ" என்கிறான் ஒருவன். "நீ உடுத்தியிருப்பது என்னுடையது, கழற்று" என்கிறான் மற்றவன். எந்த ஊர் அண்ணன் தம்பிக்குத்தான் இது பொருந்தாது! இல்லை, பின்னால் எழப்போகிற எருசலேம் தேவாலயம் யார் பங்கில் வரும் என்பதுதான் சண்டை என்கிறார் இன்னொருவர். கி.பி. 70-இல் அந்த ஆலயத்தை ரோமர் இடித்த பிறகு வந்தவர் அவர். பெண்ணுக்காக என்றும் ஒரு கருத்து உண்டு. எது சரி என்று நூல் தீர்ப்புச் சொல்லவில்லை, எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது.

அப்புறம் திபேரியாவில் போதித்த ரபீ யோகனான் சொல்வதைக் கேள். ஆபேல்தான் பலசாலியாம். காயீன் அவனுக்குக் கீழே கிடந்தானாம். அதனால்தான் வசனம் காயீன் "எழும்பி" என்கிறது. கீழே கிடந்தபடி, "உலகத்தில் நாம் இரண்டே பேர், அப்பாவிடம் போய் என்ன சொல்வாய்?" என்று கேட்டானாம். ஆபேல் இரங்கி விட்டுவிட்டான். எழுந்தவன் கொன்றான். பெற்றவளாக இதை என்னால் லேசாகக் கடந்து போக முடியவில்லை.

ரபீ ஷிமோன் பார் யோகாய் இதற்கும் மேலே போகிறார். வாயால் சொல்லவே கூசுகிறது என்று தொடங்கி, ராஜாவின் முன்னால் இரண்டு மல்லர்கள் மோதினார்கள், அவர் நினைத்திருந்தால் விலக்கியிருக்கலாமே என்கிறார். கடவுளைத்தான் கேட்கிறார். அதையும் அழிக்காமல் நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். வேதத்தை விளையாட்டாக எடுத்தவர்கள் செய்கிற காரியமா இது? சரி, நீயே பெரேஷித் ரப்பாவின் 22-ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டு எழுது.

அன்புடன்,
அம்மா