தம்பிக்கு, அந்த பெட்டி விஷயமா

தம்பி,

பசியாறிட்டியா? மெல்பர்ன்ல செம குளிர்னு டிவில காட்டுறான், ஸ்வெட்டர் போடு. ரொம்ப நாளா போனே காணோம், திடீர்னு ஒத்த வரி மெசேஜ், அம்மா விங்ஸ் பெட்டிய போஸ்ட் பண்ணிடுங்கன்னு, அதான் நீ சேத்து வச்ச ஏர்ஃபோர்ஸ் ரெக்கை பேட்ஜ் பெட்டி. எதுக்குன்னு இல்ல, நல்லா இருக்கீங்களான்னு கூட இல்ல. சரி, வேலையா இருப்ப. அதே ஆபீஸ் தானே?

பெட்டிய இறக்கி பாத்தேன், பூச்சி ஒண்ணும் அரிக்கல. லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைல காலங்காத்தால உன்கூட நின்னு நின்னு எனக்கே பாதி தெரிஞ்சு போச்சு, பேட்ஜ்ல கிரீடம் மேல குவிஞ்சிருந்தா ராஜா காலம், நடுவுல பள்ளமா இருந்தா ராணி காலம். தாத்தாவுக்கு கேம்ப்ல குடுத்தது பள்ளம் தான், பெருசா விலை போகாது. விலைய நான் எதுக்கு பேசறேன்னு தெரியல, விடு.

அந்த மலாயா கிளாஸ்ப் மெடலும், ரிப்பன்ல மலாயான்னு பட்டை போட்டது, வேணுமா? விளிம்புல இருந்த பேரையும் நம்பரையும் வச்சு ராத்திரி ராத்திரியா தேடி எந்த ஏர்ஃபோர்ஸ் ஸ்குவாட்ரன்னு கண்டுபிடிச்சப்ப என்ன குதி குதிச்ச. ரெண்டாம் உலகப் போர் மெடல் 1939-45 ஸ்டார்ல இங்கிலீஷ்காரன் பேரே போட்டு குடுக்கல, அத யாரு வேணா எதோடயும் சேத்து செட்டுன்னு வித்துடுவான், பேரு இருக்கறத பிரிக்கவே கூடாதுன்னு எனக்கு பாடம் எடுத்தது நீ. பிரிக்காத. பாலிஷும் போடாத, பழசு பழசா இருந்தா தான் மதிப்பு.

இங்கிலீஷ்கார பைலட் ஸ்கார்ஃப் கதைய மாமாகிட்ட எத்தன தடவ சொல்லிருப்ப. 1941 டிசம்பர் 9, நம்ம பட்டர்வொர்த்ல மத்த பிளேன எல்லாம் ஜப்பான்காரன் தரையிலயே அடிச்சிட்டான், இவரு மட்டும் தன்னோட பிளென்ஹைம் குண்டு பிளேன்ல தாய்லாந்து சிங்கோரா வரைக்கும் போய் குண்டு போட்டுட்டு, உடம்பெல்லாம் காயத்தோட அலோர் ஸ்டார்ல கொண்டாந்து இறக்கிட்டாரு, கூட வந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல, அவரு தான் போயிட்டாரு. அவரு வீரத்துக்கு குடுத்த விசி, அதான் விக்டோரியா கிராஸ் மெடல் 2022ல 660,000 பவுண்டுக்கு ஏலம் போச்சு, ஆனா இங்கிலாந்த விட்டு வெளிய அனுப்ப மாட்டோம்னு நிறுத்தி வச்சு கடைசில மியூசியமே வாங்கிடுச்சு. வித்தவங்களுக்கு என்ன கஷ்டமோ, அத நாம பேசக்கூடாது.

அக்கா மவன் சொன்னான் நீ ரெண்டு விங்ஸ் வித்துட்டேன்னு. நான் நம்பல. தண்ணீர்மலைல யாரு கேட்டாலும் எம்மவன் மெடல் பாத்தா ஆள் ஜாதகமே சொல்லுவான்னு தான் சொல்றேன், அம்மாவுக்கு ஒரு போன் போட தெரியாதுன்னு சொல்றதில்ல.

மலாயா மெடல பிரிக்காத, சொல்லிட்டேன். பெட்டிய போஸ்ட்ல அனுப்ப மாட்டேன், தொலைஞ்சா யாரு பொறுப்பு, தீபாவளிக்கு வந்து எடுத்துக்கோ, டிக்கெட் நான் போடறேன். சீட்டு பணம் விழுந்துச்சு, எனக்கு இப்ப என்ன செலவு இருக்கு. இங்க உள்ள உன் பழைய பேங்க் அக்கவுண்ட் இன்னும் ஓடுதா? நம்பர் அனுப்பு. அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்.

அம்மா