உங்கப்பாவ பத்தி உனக்கு தெரியாம போனது

அன்புள்ள கண்ணு,

நல்லா இருக்கியா, மாப்பிள்ளை, பேரப்பசங்க எல்லாம் சௌக்கியமா. இங்க அல்சூர்ல நாங்க நல்லா இருக்கோம், முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கு. போன வாரம் பேசும்போது அப்பா நல்லவருதாம்மா ஆனா எனக்கு அவர சரியா தெரியாதுன்னு சொன்ன பாரு, அதுல இருந்து மனசு கேக்கல. போன்ல பேசினா நான் அழுதுடுவேன் நீயும் அழுவ, அதான் தம்பி கிட்ட தமிழ் கீபோர்டு போட்டுக் கொடுக்கச் சொல்லி உக்காந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா பாக்காத.

நீ சொன்னதுல நியாயம் இருக்கு. உனக்கு 13 வயசு ஆகுற வரைக்கும் அவரு வருஷத்துக்கு ரெண்டு மாசம் லீவுல வர்ற ஆளு. டிரங்கு பெட்டியோட வருவாரு, நீ அவர் கிட்ட ஒட்டிப் பழகுறதுக்குள்ள லீவு முடிஞ்சு கண்டோன்மென்ட் ஸ்டேஷன்ல ரயில் ஏறிடுவாரு. ரிட்டயர் ஆகி வந்தப்புறமும் வாயைத் திறந்து பேசுற மனுஷன் இல்ல. ஆனா எட்ட இருந்தாரே தவிர உங்கள விட்டு இல்லடி, அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியணும்.

அவரு வேலூர் பக்கம் கம்மவான்பேட்டைக்கு அடுத்த ஊரு. அங்க வீட்டுக்கு ஒருத்தர் மிலிட்டரில இருப்பாங்க, அதனால அவரு பட்டாளத்துக்குப் போனது யாருக்கும் ஆச்சரியம் இல்ல. 1969ல 18 வயசுல இதே பெங்களூர்ல எம்ஈஜி சென்டர்ல, ராணுவ இன்ஜினியர் படையில சேர்ந்தாரு. மெட்ராஸ் சாப்பர்ஸ், 1780ல ஆரம்பிச்ச படை, இவங்கள ராணுவத்துல எல்லாரும் தம்பின்னுதான் கூப்பிடுவாங்க, வடக்கத்தி ஆபிஸர் கூட தம்பிதான். பாலம் கட்டுறது, ரோடு போடுறது, கண்ணிவெடி எடுக்கிறது எல்லாம் இவங்க வேலை.

1971 பாகிஸ்தான் சண்டையில ஷகர்கர் பக்கம் பசந்தர் ஆத்தங்கரையில இருந்தாருன்னு எனக்கே கல்யாணம் ஆகி ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரியும். அதுவும் அவர் சொல்லல, பின்னாடி தெரு ஹவில்தார் மாமா, அந்த கன்னடக்காரரு, அவர்தான் சொன்னாரு. ஆத்துக்கு ரெண்டு பக்கமும் எதிரி மைன்ஸ் புதைச்சு வெச்சிருந்தான், டிசம்பர் மாசக் குளிர், ராத்திரி, எதிர்ல இருந்து சுட்டுக்கிட்டே இருக்கான், அதுக்கு நடுவுல இவங்க டாங்கு போக வழி பண்ணணும். வழி முழுசா முடியிறதுக்குள்ளயே நம்ம பூனா ஹார்ஸ் படையோட டாங்குங்க அதுல ஏறிப் போச்சாம். அப்படிப் போனவங்கள்ல ஒருத்தர்தான் 21 வயசுல செத்து பரம் வீர் சக்ரா வாங்கின அருண் கேத்தர்பால். உங்கப்பாவுக்கு அப்போ 20 வயசு. நீ 20 வயசுல காலேஜ் போக பஸ் பாஸ் தொலைச்சுட்டு வந்து அழுத, அப்போ அவரு ஒண்ணும் சொல்லாம வேற பாஸ் எடுத்துட்டு வந்து டேபிள்ல வெச்சாரு, ஞாபகம் இருக்கா.

ஆனா அவர மாத்தினது அந்தச் சண்டை இல்ல, இலங்கைதான். 1987 ஜூலைல ஒப்பந்தம் ஆச்சு, அமைதிப்படைன்னு அனுப்பினாங்க, சனங்க மாலை போட்டு வரவேற்கிறத போட்டோல பாத்துட்டு நான் கூட நிம்மதியா இருந்தேன். அக்டோபர்ல சண்டை ஆரம்பிச்சுடுச்சு. அதுக்கப்புறம் லெட்டர் வந்தா உயிரோட இருக்காரு, வரலன்னா தெரியாது, அவ்வளவுதான். போஸ்ட்மேன் சைக்கிள் பெல் கேட்டா வயிறு கலங்கும். உனக்கு 7 வயசு, தம்பி கைக்குழந்தை.

அங்க அவருக்கு என்ன கஷ்டம்னா, எல்லாரும் நம்ம பாஷை பேசுற சனங்க. ஆபிஸருங்களுக்கு தமிழ் தெரியாது, அதனால வீடு சோதனை போடப் போனா பேசுறதுக்கு இவரைத்தான் முன்னாடி நிறுத்துவாங்க. ஒரு ஆச்சி கதவைத் திறந்து, தம்பி நீ தமிழ்ப் பிள்ளை தானே, நீயுமா வந்தாய்னு கேட்டாங்களாம். அந்த ஒரு வரிய பல வருஷம் கழிச்சு ஒரு ராத்திரி என்கிட்ட சொல்லிட்டு திரும்பிப் படுத்துக்கிட்டாரு. நம்ம பட்டாளத்து ஆளுங்க 1100க்கு மேல அங்க செத்துப் போனாங்க, அந்த ஊரு சனங்க பட்ட கஷ்டமும் கொஞ்சநஞ்சம் இல்ல, நம்ம ஆளுங்களாலயும் பட்டாங்க, அதையும் அவர் மறைச்சுப் பேசினது கிடையாது. 1990 மார்ச்ல கடைசிக் கூட்டம் மெட்ராஸ்ல கப்பல்ல வந்து இறங்கினப்போ முதலமைச்சர் கூட வரவேற்கப் போகல. அது சரியா தப்பான்னு பெரியவங்க பேசிட்டுப் போகட்டும், போகச் சொன்னதால போனவன் திரும்பி வர்றப்போ வாப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்னு எனக்கு இன்னிக்கும் வருத்தம்தான்.

இப்போ ஒண்ணு சொல்றேன் கேளு. அவரு திரும்பி வந்த வருஷம் சோமேஸ்வரர் கோயிலுக்கு நடந்து போயிட்டு இருந்தோம், ரோட்டோரம் ஒரு பால் டப்பா கிடந்துச்சு, நீ அத ஓடிப் போய் உதைச்ச. அவரு உன்ன இழுத்து முதுகுல ஒண்ணு வெச்சாரு. அவரு கை உங்க மேல பட்டது அந்த ஒரு தடவைதான். நீ அத மறக்கவே இல்ல, உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் கூட சொல்லிக் காமிச்ச. இலங்கைல டப்பா, பாட்டில், பலகைத் துண்டுன்னு எதுல வேணா வெடி வெச்சிருப்பாங்களாம், சின்ன மரப்பெட்டில செஞ்ச மிதிவெடி வேற, இரும்பு கம்மியா இருக்கிறதால மெஷின்ல சரியா காட்டாது. மண்டி போட்டு கம்பிய சாய்வா மண்ணுல குத்திக் குத்திப் பாக்கணும், நேரா குத்தினா கம்பி வெடியோட தலையில பட்டுடும். கூட இருந்த ஒரு பையன், ஆம்பூர்க்காரன், ஒரு டப்பாவக் கால்ல தள்ளிட்டுப் போனான், அவ்வளவுதான். அன்னிக்கு கோயில்ல இருந்து வந்ததும் பாத்ரூம்ல போய் கதவ சாத்திக்கிட்டு அழுதாரு, நான் வெளியில நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். உன்ன அடிச்சதுக்காகத்தான் அழுதாரு.

1993ல ஹவில்தாரா ரிட்டயர் ஆனாரு, ஒரு ஃபேக்டரில செக்யூரிட்டியா சேர்ந்து நைட் ஷிஃப்ட்டா கேட்டு வாங்கினாரு. பகல்ல உங்கள ஸ்கூலுக்கு விட்டுட்டு வரணும், அதுக்குத்தான். தூங்கினதே கம்மி. மிலிட்டரி கேண்டீன் கோட்டால வர்ற சாராய பாட்டிலத் தொட்டதில்ல, அந்த லைன்ல நின்னா உங்களுக்கு ஹார்லிக்ஸும் எனக்கு ஒரு மிக்ஸியும்தான். 91 டிசம்பர்ல காவிரி கலாட்டா நடந்தப்போ ஹவில்தார் மாமா நம்ம வாசல்ல சேர் போட்டு ராத்திரி பூரா உக்காந்திருந்தாரு, அந்த மாமா படுத்த படுக்கையா ஆனப்போ உங்கப்பா தினம் போய் ஷேவ் பண்ணி விட்டாரு. ஏரிக்கரை திருவள்ளுவர் சிலைய 18 வருஷம் மூடியே வெச்சிருந்து 2009ல திறந்தாங்கல்ல, அப்போ ரெண்டு பேரும்தான் சேர்ந்து போயிட்டு வந்தாங்க.

இன்னொரு விஷயம், இது தம்பிக்கு மட்டும்தான் தெரியும். அவரு போனப்புறம் ஃபேமிலி பென்ஷனுக்கு என்னென்ன வேணுமோன்னு நான் பயந்துக்கிட்டே பீரோவத் திறந்தேன். ஒரு பச்சை ஃபைல். மேல என் பேரு. உள்ள டிஸ்சார்ஜ் புக், பிபிஓங்கிற பென்ஷன் ஆர்டர், ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த போட்டோ நாலு காப்பி, வைத்தியத்துக்கான ஈசிஎச்எஸ் கார்டு, குடும்பத்து ஆளுங்க பேரு பதியற பார்ட் டூ ஆர்டர் நகல். அதுல உன் பேரு ஸ்பெல்லிங் மாறி இருந்தத லீவு நாள்ல போய் அலைஞ்சு திருத்தி வாங்கியிருக்காரு, திருத்தின காயிதத்தையும் கூடவே பின் பண்ணி வெச்சிருக்காரு. எல்லாத்துக்கும் மேல ஒரு கோடு போட்ட பேப்பர், அந்தக் குண்டு குண்டு எழுத்துல முதல்ல ரெக்கார்ட் ஆபிஸுக்குச் சொல்லு, அப்புறம் பேங்க், டெத் சர்டிபிகேட் பத்து காப்பி வாங்கிக்கோ, நவம்பர்ல லைஃப் சர்டிபிகேட் மறந்துடாத, கரண்ட் பில் தம்பி கட்டுவான், வெயில்ல க்யூல நிக்காதன்னு வரிசையா. தெருவுல எத்தனை பட்டாளத்துப் பொம்பளைங்களுக்கு இதே மாதிரி ஃபாரம் எழுதிக் கொடுத்திருக்காரு, அவங்கதான் பதிமூணாம் நாள் காரியத்துக்கு வந்து ஆளுக்கு ஒரு வேலையா எடுத்துப் போட்டு செஞ்சாங்க.

பாசத்த வாயால சொல்லத் தெரியல அவருக்கு, அது நிஜம்தான். ஆனா தெரியாத மனுஷன்னு மட்டும் நினைக்காத கண்ணு, நீ அவரு கூடத்தான் வளர்ந்த.

இலங்கைல இருந்து எழுதின இன்லண்ட் லெட்டர் எல்லாத்தையும் தம்பி கூரியர்ல அனுப்புறான், ஒரிஜினல்தான், ஜெராக்ஸ் நான் வெச்சுக்கிட்டேன். 88 பொங்கலுக்கு எழுதினத முதல்ல படி, அதுல பாதி உன் மார்க் ஷீட்டு பத்தித்தான். மடிப்பு கிழிஞ்சிருக்கு, பாத்துப் பிரி. கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கணுமாம், அடுத்த வாரம் வீட்ல யாராவது இருக்கிற மாதிரி பாத்துக்கோ.

அம்மா