கார் ஆடியோ பொருத்தித் தரும் அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் அண்ணே. போன மாதம் அக்கா வீட்டுக் காரின் பானெட்டைத் திறந்தேன். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் பிளஸ் வயர், கேபினுக்குள் நுழையும் தகட்டு ஓட்டையில் உரசி உரசி மேலுறை பாதி தேய்ந்திருந்தது. உரசாமல் காக்க ஓட்டையில் மாட்டும் ரப்பர் புஷ் இல்லை. ஃபியூஸ் எங்கே என்று தேடினால் டிக்கியில், ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில், அதுவும் 100 ஆம்பியர். வயரோ 8 கேஜ் (கேஜ் என்பது பருமன் அளவு, எண் குறைந்தால் வயர் தடிமன்), பிளேடால் சுரண்டினால் செம்புக்குள்ளே வெள்ளையாக அலுமினியம்.

அந்த வயர் ஓட்டையில் பாடியைத் தொட்டிருந்தால் டிக்கி ஃபியூஸ் ஒன்றும் செய்யாது, ஏனென்றால் கரண்ட் அதுவரை போகவே போகாது. பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ள, வயர் ஹீட்டர் கம்பி மாதிரிப் பழுத்து, ஒட்டியிருக்கும் கார்பெட் பற்றிக்கொள்ளும். பிள்ளைகள் போகிற வண்டி அண்ணே.

பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ் வயரைக் காப்பாற்றத்தான். ஆம்ப்ளிஃபயரைக் காக்க பெரும்பாலும் அதிலேயே தனி ஃபியூஸ் உண்டு. அதனால் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருக்கட்டும், அதன் அளவு வயர் தாங்கும் அளவைத் தாண்டவே வேண்டாம். சுத்தச் செம்பு என்றால் 8 கேஜுக்கு 50 ஆம்பியர், 4 கேஜுக்கு 100 என்று நிறுத்திக்கொள்வது நல்லது. அலுமினிய வயருக்கு இன்னும் குறைவு. பெரிய ஃபியூஸ் போட்டால் பேஸ் (அடித்த ஒலி) நன்றாக வரும் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள், ஆம்ப்ளிஃபயர் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும்.

கணக்கும் சுலபம்தான். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 1500 வாட்ஸை விட்டுவிட்டு ஆர்.எம்.எஸ். அளவை, அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸைப் பாருங்கள். அக்கா காரில் நான்கு சேனல், தலா 75 வாட்ஸ், மொத்தம் 300. அது கிளாஸ் ஏபி வகை ஆம்ப்ளிஃபயர், இழுக்கும் மின்சாரத்தில் சுமார் 60 சதவீதத்தைத்தான் ஸ்பீக்கருக்கு அனுப்பும், மீதி சூடாகப் போய்விடும். ஆக 500 வாட்ஸ் இழுக்கும், 13.8 வோல்ட்டால் வகுத்தால் 36 ஆம்பியர். சரி, 40 ஆம்பியர் ஃபியூஸ் போதும். குறைவாகச் சூடாகும் கிளாஸ் டி வகை என்றால் 80 சதவீதம் என்று வைத்து இதே கணக்கைப் போடலாம். இரண்டு ஆம்ப்ளிஃபயர் ஒரே வயரில் என்றால் கூட்டிப் பார்த்து, வயரையும் பெரிதாக்க வேண்டும்.

அப்புறம், ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று யாராவது வந்தால், தயவுசெய்து பெரிய ஃபியூஸை மாட்டி அனுப்பாதீர்கள், எங்கே உரசுகிறது என்று முதலில் தேடுங்கள். பில்லில் வயர் கேஜ், செம்பா அலுமினியமா, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று மூன்றையும் எழுதிக் கொடுங்கள், நாளைக்கு வேறொருவர் அந்த வண்டியைத் திறந்தாலும் தெரியும்.