பேரிஜத்துக்குப் படகு எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கொடைக்கானல் போகிறவர்கள் பேரிஜம் ஏரி வரை போய்விட்டு வந்து பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள், அங்கே பொழுதுபோக்க ஒன்றுமே இல்லை, ஒரு படகாவது விடக் கூடாதா என்று. சமீபத்தில் நாங்கள் குடும்பத்தோடு போனபோதும் பக்கத்தில் நின்ற ஒருவர் வனக்காவலரிடம் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார், காவலரும் பாவம் சிரித்துக்கொண்டே சமாளித்தார்.

ஐயா, அது குடிதண்ணீர். கொடைக்கானல்காரர்களுக்குக்கூட இல்லை, மலைக்குக் கீழே இருக்கும் எங்கள் பெரியகுளத்துக்கு. படகுச் சவாரி வேண்டுமென்றால் 1863இல் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்துக் கட்டிய ஏரி கொடைக்கானல் ஊருக்குள்ளேயே இருக்கிறது, படகு, குதிரை, சைக்கிள், சுடச்சுட பஜ்ஜி எல்லாம் அங்கே உண்டு, நானும் ஆசையாகப் போவேன். சரி, அதுபோதாதா?

பேரிஜத்தில் பார்க்க ஒன்றும் இல்லை என்பதும் உண்மையில்லை. எதிர்க்கரையில் நாலைந்து காட்டுமாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டிவிட்டது போல. அதில் ஒன்று தண்ணீருக்கு இறங்கிய நேரம் பார்த்து எங்களுக்குப் பின்னால் ஒரு காரில் பாட்டை அலறவிட்டார்கள், அவ்வளவுதான், எல்லாம் புதருக்குள் போய்விட்டன.

இன்னொன்று, பேரிஜம் போகும் வழியில் மோயர் பாயிண்ட் தாண்டியதும் பைன் மரங்களைப் பார்த்து "என்ன அழகான காடு" என்று இறங்கிப் படம் எடுக்கிறோம். பைனும் சரி, சீகை என்கிற வாட்டில் மரமும் சரி, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவை. அந்த மலைக்குச் சொந்தமானது சோலைக்காடும் புல்வெளியும். மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து வெயில் காலத்திலும் ஓடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அவைதான், ஏரி அதை நம்பித்தான் இருக்கிறது. சீகை பரவப் பரவப் புல்வெளி சுருங்குகிறது, அதை வெட்டிப் புல்லை மீட்கும் வேலைக்குச் செலவழித்தால் எங்கள் ஊருக்குப் புண்ணியமாகப் போகும்.

வனத்துறையிடம் கேட்க வேண்டியது படகு இல்லை. வண்டிகளை அளவாக விடும் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டாம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சுத்தமான கழிப்பறை வேண்டும், அப்புறம் உள்ளே போகும்போது வண்டியிலிருக்கும் பாட்டில், சிப்ஸ் பாக்கெட்டை எண்ணிக் குறித்துக்கொண்டு திரும்பும்போது சரிபார்த்து, குறைந்தால் அங்கேயே அபராதம் போடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரியகுளம்.